தரிசு என்று எழுதிய கை

ஹீத்ரோ விமான நிலையத்தின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. வீட்டுக்கு ஒரு பிள்ளை அந்த வழியாகப் போய் வருகிறது. நானும் மூன்று முறை அங்கே இறங்கி ஏறியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்பதை இந்த முறைதான் மாப்பிள்ளை சொல்லித் தெரிந்துகொண்டேன். 'ஹீத்' என்றால் புதர்வெளி. 'ரோ' என்றால் வரிசை. புதர்வெளி ஓரத்து வீட்டு வரிசை. 1944 வரை அந்தப் பெயரில் அங்கே ஒரு சிற்றூர் இருந்திருக்கிறது. யுத்த காலத்துச் சட்டத்தை வைத்து அதை எடுத்துக்கொண்டு, வீடுகளை இடித்து, விமானத் தளம் போட்டார்கள்.

அந்தப் புதர்வெளியின் பெயர் ஹவுன்ஸ்லோ ஹீத். 1784இல் வில்லியம் ராய் என்கிற ராணுவ அதிகாரி அங்கேதான் நில அளவைக்கான அடிக்கோட்டை அளந்தார். 18 வருஷம் கழித்து, 1802இல், லாம்ப்டன் நம்ம பரங்கிமலைப் பக்கம் அதே மாதிரி ஒரு அடிக்கோடு அளந்தார். சர்வே பயிற்சிக்குப் போனவர்களுக்கு இந்த இரண்டாவது கதை தெரிந்திருக்கும். சங்கிலி பிடித்து வெயிலில் காய்ந்த நாட்களில் நாங்கள் யாரும் லாம்ப்டனை வாழ்த்தியது கிடையாது.

அது கிடக்கட்டும். ஹீத் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்தது இந்த ஆகஸ்டு கடைசியில்தான், வேல்ஸ் நாட்டின் வடமேற்கு மூலையில் ஒரு சின்னத் தீவில். பார்த்த நாளிலிருந்து ஒரு பழைய கோப்பு என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. அதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

மகள் வீடு மான்செஸ்டரில். அங்கிருந்து காரில் இரண்டேகால் மணி நேரம். முதலில் மெனாய் என்கிற குறுகிய கடற்கால்வாயைப் பாலத்தில் தாண்டினால் ஆங்கில்சீ என்கிற பெரிய தீவு. அதன் மறுகோடிக்குப் போய் இன்னொரு கரைச்சாலையைத் தாண்டினால் இந்தச் சின்னத் தீவு. ஹோலி ஐலண்ட், அதாவது புனிதத் தீவு. மொத்தமே 39 சதுர கிலோமீட்டர்தான். ஊர் பெயர் ஹோலிஹெட். அயர்லாந்தின் டப்ளினுக்கு இங்கிருந்துதான் கப்பல். லண்டனிலிருந்து ரயில் இந்தத் துறைமுகம் வரை வரும், இறங்கிக் கப்பல் ஏறலாம். 1848இலிருந்து வெகுகாலம் 'ஐரிஷ் மெயில்' என்று அதற்குப் பெயர் இருந்தது. நம்ம பக்கத்துப் பெரியவர்களுக்கு இதைக் கேட்டதும் வேறு ஒரு மெயில் ஞாபகம் வரும். எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, தலைமன்னாருக்குக் கப்பல் பிடித்த போட் மெயில்தான். நமக்கு 1964 புயலோடு அது போயிற்று. அவர்களுக்கு இன்னும் கப்பல் போகிறது. எங்கள் கண் முன்னாலேயே ஒன்று புறப்பட்டது.

ஊருக்குள் ரோமானியர் கட்டிய கோட்டை ஒன்று இருக்கிறது. மூன்று பக்கம் மதில், நான்காவது பக்கம் கடலைப் பார்த்துத் திறப்பு. ரோமானியர் போன பிறகு, 6ஆம் நூற்றாண்டில், கபி என்கிற துறவி அந்த மதிலுக்குள் வந்து தங்கினாராம். அவர் பேரில் இப்போதும் உள்ளே தேவாலயம் இருக்கிறது. ஊருக்கு வேல்ஸ் மொழியில் கைர்கபி என்று பெயர். கபியின் கோட்டை. ரோமானியரின் பெயர் எங்கும் இல்லை, சாமியார் பெயர்தான் நின்றது. எங்க வீட்டம்மாவுக்கு இதில் ஏகத் திருப்தி.

அங்கிருந்து பத்து நிமிஷத்தில் தீவின் மேற்குக் கோடி. சவுத் ஸ்டாக் என்கிற இடம். காரை நிறுத்திக் கதவைத் திறந்தால் காற்று கதவைப் பிடுங்குகிறது. வீட்டம்மா புடவைக்கு மேல் மகளுடைய ஜெர்கினைப் போட்டு, தலையில் மப்ளர் கட்டி, காலில் பேத்தியின் ஷூவோடு இறங்கினாள். கீழே செங்குத்தான பாறை, அதற்கும் கீழே கடல். மேலே எங்கே பார்த்தாலும் முழங்கால் உயரம்கூட இல்லாத புதர். ஒரு மரம் கிடையாது. ஊதாப் பூவும் மஞ்சள் பூவுமாகப் பவானி ஜமக்காளம் விரித்த மாதிரி இருந்தது. ஊதா, ஹெதர் என்கிற செடி. மஞ்சள், கோர்ஸ் என்கிற முள்புதர். கடல் காற்று வெட்டிவிட்ட மாதிரி எல்லாம் ஒரே மட்டத்தில் படுத்துக்கிடந்தன.

"அழகா இருக்குல்லங்க?" என்றாள்.

நான் என்ன நினைத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். 'கற்பாறை, புதர் மண்டிய நிலம், சாகுபடிக்கு லாயக்கற்றது. தீர்வை ஏற்படாத தரிசு.' அடங்கலில் எழுதுகிற வாசகம் அப்படியே மனசுக்குள் ஓடியது. 34 வருஷம் வருவாய்த் துறையில் இருந்தவன் கண் அப்படித்தான் பார்க்கும். விளைகிறதா, தீர்வை உண்டா, இல்லையா, இந்த மூன்று கேள்விக்கு மேல் ஒரு நிலத்திடம் எங்களுக்குக் கேட்க ஒன்றும் இருந்ததில்லை.

அங்கே கலங்கரை விளக்கம் ஒன்று, கரைக்கு வெளியே தனிப் பாறையில் நிற்கிறது. 1809இல் கட்டியது. அதற்குப் போக மலைச்சரிவில் 400 படி இறங்கவேண்டும். இறங்கினால் ஏறவேண்டுமே! என் முழங்கால் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டம்மா பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பழநிப் படியை விடவா என்று கேட்டுவிட்டு. நான் ஒரு கல் சுவர் ஓரமாகப் பிளாஸ்க்கோடு உட்கார்ந்தேன்.

பக்கத்தில் பைனாகுலரும் கையுமாக ஒரு பெரியவர். என்னை விட நான்கைந்து வயது கூட இருக்கலாம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்களுக்கு நாடு எது, மொழி எது என்பதெல்லாம் தடை இல்லை. இரண்டு நிமிஷத்தில் பென்ஷன், முழங்கால், பிள்ளைகள் என்று பேச்சு போய்விட்டது. நான் தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டுவதுபோல் அந்தப் புதர்வெளியைக் காட்டி, "இந்த நிலத்தால் என்ன பயன்?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்போதா, என் தாத்தா காலத்திலா?" என்றார்.

அவர் சொன்னதை என் சொல்லில் தருகிறேன். அந்த மஞ்சள் பூ முள்புதர் இருக்கிறதே, கோர்ஸ், அதை வெட்டி, முள் மழுங்க நசுக்கி, குளிர்காலத்தில் குதிரைக்குத் தீனியாகப் போடுவார்களாம். அதற்கென்றே நசுக்கும் ஆலைகள் வேல்ஸில் இருந்திருக்கின்றன. காய்ந்த கோர்ஸ் விறகு, ரொட்டி அடுப்புக்கு. சட்டென்று பிடித்து நன்றாக எரியும். ஆடு மாடு மேயும். மேய்ந்துவிட்டுப் போன இடத்தில் இளந்தளிர் வரும். அவ்வப்போது ஒரு பகுதியைக் குளிர்காலத்தில் கொளுத்திவிடுவார்கள், கிழட்டுப் புதர் போய்ப் புதுசு வர. ஆக, பார்த்தால் காட்டுத்தனமாக இருக்கிற இந்த இடம், மனிதனும் மாடும் நெருப்பும் காற்றும் சேர்ந்து ஆயிரக்கணக்கான வருஷமாக வைத்திருக்கிற இடம்.

"மேய்க்காமல் விட்டுவிட்டால்?" என்று கேட்டேன்.

"கோர்ஸ் ஆளுயரம் ஏறிவிடும். இல்லாவிட்டால் பிராக்கன் வந்து மூடிவிடும்." பிராக்கன் என்பது ஒருவகைப் பெரணி. எனக்கு நம்ம சீமைக்கருவேலம் ஞாபகம் வந்தது. மேய்ச்சல் நின்ற நிலத்தில் என்ன ஏறும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

உரம் போட்டால் இன்னும் செழிக்குமே என்றேன். அதற்குத்தான் அவர் பலமாகச் சிரித்தார். உரம் போட்டால் செத்துவிடுமாம். இங்கே மண் மெலிசு, புளிப்பு, சத்து கிடையாது. ஹெதர் அந்த ஏழ்மையில்தான் வாழும். சத்து ஏறினால் புல் வந்து அதை அமுக்கிவிடும். நல்ல மண், கெட்ட மண் என்று தரம் பிரித்துத் தீர்வை போட்ட பரம்பரையில் வந்தவன் நான். ஒன்றும் பேசாமல் காபியை ஊற்றி அவருக்கு ஒரு கப் கொடுத்தேன். சர்க்கரை ஜாஸ்தி என்றார்.

அப்புறம் ஒரு பறவையைக் காட்டினார். காக்கைதான், ஆனால் அலகும் காலும் குங்குமச் சிவப்பு. சஃப் என்று பெயர். பிரிட்டனில் மேற்குக் கடலோரத்தில்தான் இருக்கும், அதுவும் எண்ணிக்கையில் குறைவு. மாடு மேய்ந்து கட்டையாக இருக்கிற புல்தரையில் அலகை விட்டுப் பூச்சி எடுத்துத் தின்னும். சாணியில் வருகிற பூச்சியும் அதற்கு ஆகாரம். மேய்ச்சல் இல்லை என்றால் இந்தப் பறவைக்கும் சோறு இல்லை. நீலப் பட்டாம்பூச்சி ஒன்று உண்டாம், அதன் புழுவை எறும்புகள் காவல் காக்குமாம், கூலியாகப் புழு சுரக்கிற இனிப்பு நீரைக் குடித்துக்கொண்டு. பாறை ஓரத்தில் மஞ்சள் பூப் பூக்கிற ஒரு செடி உலகத்திலேயே இந்தத் தீவுக் கரையில் மட்டும்தான் இருக்கிறதாம். ஆகஸ்டு கடைசி என்பதால் பட்டாம்பூச்சியும் இல்லை, அந்தப் பூவும் இல்லை. ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிற கடற்பறவைகளும் குஞ்சு பொரித்துக் கிளம்பிவிட்டன. பாறையெல்லாம் வெள்ளையாக எச்சம்தான் மிச்சம். "மே மாதம் வந்திருக்க வேண்டும்" என்றார். மே மாதம் டிக்கெட் விலை அவருக்கு என்ன தெரியும்!

படியேறி வந்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு கதை கொண்டுவந்தார்கள். 1859 அக்டோபரில் பெரும் புயல். விளக்குக்குக் காவல் வேலைக்குப் போன ஜாக் ஜோன்ஸ் என்கிற உதவியாளர் மேல் பாறை விழுந்தது. மண்டை உடைந்த நிலையில் தவழ்ந்து போயிருக்கிறார். சில வாரங்களில் இறந்துபோனார். அதே புயலில்தான், ஆங்கில்சீயின் இன்னொரு கரையில், ஆஸ்திரேலியாவில் தங்கம் தோண்டிச் சம்பாதித்துத் திரும்பியவர்களோடு வந்த 'ராயல் சார்ட்டர்' கப்பல் உடைந்தது. 400 பேருக்கு மேல் மாண்டார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்குப் புயல் எச்சரிக்கை கொடுக்கிற வழக்கம் 1861இல் பிரிட்டனில் தொடங்கியதற்கு இந்தச் சாவுகள்தான் காரணம். நம்ம பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றும்போது அந்த ஜோன்ஸை நினைத்துக்கொள்ளலாம்.

சவுத் ஸ்டாக்கிலிருந்து சாலையைத் தாண்டி எதிர்ச் சரிவில் ஏறினால் டீ மௌர் என்கிற இடம். வட்ட வட்டமாகக் கல் அடுக்கிய வீடுகளின் அடிச்சுவர். இரும்புக் காலத்து வீடுகள், அதாவது 2000 வருஷத்துக்கு முந்தியவை. அதற்கும் ரொம்ப முன்னாலிருந்தே அங்கே மனிதர் இருந்ததாகப் பின்னால் தோண்டியவர்கள் கண்டிருக்கிறார்கள். இப்போது 20 வட்டம் போலக் கண்ணுக்குத் தெரிகிறது. 1860களில் ஸ்டான்லி என்கிற உள்ளூர்ப் பிரபு தோண்டியபோது 50க்கு மேல் இருந்ததாம். மிச்சக் கல்லெல்லாம் வயல் வரப்புக்குப் போயிருக்கும். எந்த ஊரிலும் பழைய கல் அங்கேதான் போகும். உள்ளே அடுப்பு மூட்டிய இடம், தானியம் அரைக்கிற திருகைக் கல் எல்லாம் கிடைத்திருக்கிறது. வீடுகளுக்கு நடுவே விதைத்து அறுத்த நிலத்தின் வரிகள் இன்னும் தெரிகின்றன.

பேத்தி ஒரு வட்டத்துக்குள் போய் நின்று, "தாத்தா, இதுதான் கிச்சன்" என்றாள். வீட்டம்மா உள்ளே போய்க் காற்றடிக்காத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்து புளியோதரை டப்பாவைத் திறந்தாள். சுவர் இடுப்பளவுகூட இல்லை, ஆனாலும் அந்த வட்டத்துக்குள் காற்று தெரியவில்லை. கட்டினவனுக்கு அந்த இடம் தெரிந்திருக்கிறது.

அங்கே உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் எனக்கு உறைக்க ஆரம்பித்தது. கீழே விதைத்தவன் மேலே மேய்த்திருக்கிறான். அடுப்பில் எரிந்தது அந்தப் புதர்தான். வீடும் வயலும் மட்டும் அவனுக்கு ஊர் இல்லை. கடல் வரைக்கும் இருக்கிற அந்தப் புதரும் சேர்ந்துதான் ஊர். 2000 வருஷம் கழித்து ஒருவன் வந்து வயலுக்கு ஒரு நம்பர் போட்டு, மற்றதெல்லாம் தரிசு என்று எழுதினால் அது பாதி ஊரை அழித்து எழுதிய கணக்கு.

திரும்புகிற வழியில் பென்ரோஸ்வெய்லூ என்கிற இடத்தில் இரண்டு நெடுங்கல். ஒவ்வொன்றும் 3 மீட்டர் உயரம், வெண்கலக் காலத்தது, பத்துப் பதினோரு அடி இடைவெளியில் சும்மா இரண்டு பேர் பேசிக்கொண்டு நிற்கிற மாதிரி நிற்கின்றன. சுற்றிலும் மேய்ச்சல். பக்கத்திலேயே அதே பெயரில் பொது நிலம், அங்கேயும் ஹீத். இந்தப் பெயரில் வருகிற 'ரோஸ்' என்கிற சொல்லுக்கு வேல்ஸ் மொழியில் புதர்வெளி, மேட்டு மேய்ச்சல் வெளி என்று பொருள் என்று மாப்பிள்ளை போனில் பார்த்துச் சொன்னார். அவர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரிலேயே ஊரும் வைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் சொல்லி வெள்ளைக்காரனைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நம்மூரில் தரிசு என்கிற கணக்குக்கு 'வேஸ்ட்' என்று இங்கிலீஷில் தலைப்புப் போட்டதே அவர்கள்தான். அவர்கள் சட்டத்திலும் அந்தச் சொல் உண்டு. பண்ணைப் பிரபுவின் எல்லைக்குள் உழாமல் கிடக்கிற நிலம் 'வேஸ்ட்'. அதில் ஏழைகளுக்கு மாடு மேய்க்க, விறகு வெட்ட உரிமை. அதே நிலத்தை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பார்லிமெண்டில் சட்டம் மேல் சட்டம் போட்டு வேலி அடைத்தார்கள். ஏழைகளை விரட்டினார்கள். அந்த மனசோடுதான் இங்கே வந்து நம்ம நிலத்தை அளந்தார்கள். பிரிட்டனின் தாழ்நிலத்தில் இருந்த ஹீத்தில் 1800க்குப் பிறகு ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போய்விட்டது என்கிறார்கள். ஹீத்ரோ அதில் ஒரு துண்டு. இழந்த பிறகுதான் புத்தி வந்திருக்கிறது.

ஆனால் வந்தது. அதுதான் என் வாதம். 2000ஆம் வருஷம் ஒரு சட்டம் போட்டு, மலை, ஹீத், பதிவான பொது நிலம் ஆகியவற்றில் யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம் என்று ஆக்கினார்கள். அந்தத் தீவுக் கரை பாதுகாக்கப்பட்ட இடம். பறவைகளுக்கான சங்கம் ஒன்று அதைப் பார்த்துக்கொள்கிறது, மாடு விட்டு மேய்க்கிறது. தாத்தா காலத்தில் குதிரைத் தீனிக்காகச் செய்ததை, பேரன் காலத்தில் பறவைக்காகச் செய்கிறார்கள். பழைய சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

நாம் இன்னும் வைத்திருக்கிறோம். 1985இல் டில்லியில் தரிசு நில மேம்பாட்டுக்கென்றே ஒரு தேசிய வாரியம் வைத்தார்கள். செயற்கைக்கோளில் பார்த்துத் தயாரித்த இந்தியத் தரிசு நில வரைபடத்தில் அடர்ந்த புதர் நிலம், திறந்த புதர் நிலம் இரண்டுமே தரிசு வகைதான். அந்தப் புனிதத் தீவு ராமநாதபுரம் கரையில் இருந்திருந்தால், ஜமக்காளம் விரித்த மாதிரி இருந்த அந்த இடத்துக்கு நம்ம வரைபடத்தில் அந்த நிறம்தான் அடித்திருப்பார்கள்.

நம்ம ஜனங்களிடம் சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. தேரி என்கிறோம், பொட்டல் என்கிறோம், மேய்ச்சக்காடு என்கிறோம். காங்கேயம் பக்கம் மாட்டுக்காகவே கிளுவை வேலி போட்டுக் கொறங்காடு வைத்திருக்கிறார்கள். வருவாய்க் கணக்கிலேயே ஒரு நல்ல சொல் உண்டு. மேய்க்கால் புறம்போக்கு. மேய்க்கால்! அந்த நிலம் எதற்கு, யாருக்கு என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

இப்போது அந்தக் கோப்பு.

1986. நான் வருவாய் ஆய்வாளர். எங்கள் பிர்க்காவில் கடலை ஒட்டிய ஒரு கிராமத்தில் 60 ஏக்கருக்கு மேல் மேய்க்கால். ஒரு தொழிற்சாலைக்கு வேண்டும் என்று மேலிருந்து வந்தது. மேய்க்காலை நேராகக் கொடுக்க முடியாது. முதலில் வகைப்பாடு மாற்றவேண்டும், மேய்க்காலிலிருந்து தீர்வை ஏற்படாத தரிசுக்கு. அதற்கு ஸ்தல அறிக்கை வேண்டும். நான் போனேன். மே மாதம், உச்சி வெயில். வெடித்த தரை, அங்கங்கே உடைமுள், கற்றாழை. ஒரு ஆடு கிடையாது. 'கால்நடைகள் ஏதும் மேய்வதாகத் தெரியவில்லை, தற்போது உபயோகமற்ற நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் இல்லை. அன்றைக்கு ஒரு ஆடும் மேயவில்லைதான்.

ஜீப்பில் ஏறப்போகும்போது ஒரு கீதாரி வந்து கும்பிட்டார். அறுபது வயதிருக்கும். "ஐயா, இப்ப பாத்தா ஒண்ணும் தெரியாதுங்கய்யா. மழை விழுந்து பதினஞ்சாம் நாள் வந்து பாருங்க. கார்த்திகையில நாலு ஊரு கெடை இங்கதான்" என்றார். பார்க்கலாம் பெரியவரே என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். கார்த்திகையில் நான் போகவில்லை. ஆவணிக்குள் உத்தரவே வந்துவிட்டது. மாற்று மேய்ச்சல் நிலம் காட்டவேண்டும் என்று உத்தரவில் ஒரு நிபந்தனை இருந்தது. நான் இன்னொரு கிராமத்தில் இருந்த உப்பு ஓடை ஓரத்து இடத்துக்குச் சர்வே நம்பர் போட்டுக் கொடுத்தேன். அங்கே ஆடு மேய முடியாது என்று எனக்கே தெரியும்.

தொழிற்சாலை பத்துப் பன்னிரண்டு ஏக்கரில் நின்றது. சில வருஷத்தில் அதுவும் மூடிவிட்டது. மிச்சம் கம்பி வேலிக்குள் சீமைக்கருவேலம். இன்றைக்கு அதற்குள் ஆடு என்ன, பாம்பைத் தவிர ஒன்றும் நுழையாது. உண்மையான தரிசு இப்போதுதான் ஆகியிருக்கிறது. நான் எழுதியது நாற்பது வருஷம் கழித்துப் பலித்துவிட்டது.

ஹோலி ஐலண்டில் அந்தப் பெரியவர், "மே மாதம் வந்திருக்க வேண்டும்" என்றபோது எனக்குக் கேட்டது அந்தக் கீதாரியின் குரல்தான்.

என் கூட வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் போனில் இதைச் சொன்னேன். அவர் கோபமாகவே கேட்டார்: "ஆட்டுக்காகப் பள்ளிக்கூடம் வேண்டாமா? புறம்போக்கில்தானே ஏழைகளுக்கு மனைப்பட்டா கொடுத்தோம்?" நியாயமான கேள்வி. நானே நூற்றுக்கணக்கில் பட்டா எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒன்றைக்கூடத் திரும்பப் பெற நினைத்ததில்லை. எந்த நிலத்தையும் தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வேண்டுமென்றால், 'நாலு ஊர்க் கிடை கார்த்திகை முதல் தை வரை இங்கே மேய்கிறது, அதை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிறோம்' என்று எழுதிவிட்டு எடுங்கள். எதை யாரிடமிருந்து எடுக்கிறோம் என்று கோப்பில் இருக்கட்டும். தரிசு என்கிற சொல் அந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் வாயை அடைத்துவிடுகிறது. யாருக்கும் ஒன்றும் நஷ்டமில்லை என்று அது முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது. என் அறிக்கையில் ஒரு வரி, 'மழைக்குப் பின் மறுபடி பார்வையிட வேண்டும்' என்று இருந்திருந்தால் உத்தரவு நின்றிருக்குமா என்று தெரியாது. எழுதியிருக்கலாம்.

2011இல் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் வழக்கு ஒன்றில், கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்கவேண்டும் என்று சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் ஆக்கிரமிப்பை அகற்றலாம், வகைப்பாடே மாறிப்போன நிலத்தை என்ன செய்வது? அது கணக்கில் பொது நிலமாகவே இல்லை.

இவ்வளவும் எழுதியதற்கு ஒரு உடனடிக் காரணம் இருக்கிறது. ஊர் திரும்பி ஒரு வாரத்தில் கேள்விப்பட்டேன், நம்ம ஊருக்குக் கிழக்கே இருக்கிற மேய்க்காலை, கண்மாய்க்கு அந்தப் பக்கம் பனைக்கூட்டத்தை ஒட்டி இருக்கிறதே அதை, வகைப்பாடு மாற்ற ஒரு கோப்பு நகர ஆரம்பித்திருக்கிறது. எதற்கு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் போய்ப் பார்த்தேன். இப்போது போனால் காய்ந்துதான் கிடக்கும், அறிக்கை எழுத வருகிறவரும் இப்போதுதான் வருவார். ஆனாலும் ஆட்டுப் புழுக்கை கிடந்தது, பழைய கிடை போட்ட தடம் இருந்தது. பனை ஓரத்தில் இரண்டு பெண்கள் விறகு கட்டிக்கொண்டிருந்தார்கள். பேத்திக்கு அனுப்ப நாலு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 2 கிராம சபை. யார் யார் எந்த மாதம் அங்கே மேய்க்கிறார்கள், யார் விறகு எடுக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, மழை முடிந்து ஸ்தலம் பார்க்கும் வரை கோப்பை நிறுத்தி வைக்கச் சொல்லித் தீர்மானம் போட ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். இந்த வாசகத்தை எப்படி எழுதினால் ஆபீசில் ஒதுக்கித் தள்ள முடியாது என்பது எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ மனுவை ஒதுக்கியவன் நான். கிடை போடுகிறவர்களில் நாலு பேரைப் பார்த்துப் பேசியாயிற்று. இன்னும் இரண்டு பேர் தெற்கே போயிருக்கிறார்கள், அவர்கள் நம்பர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள் காலை பத்து மணிக்கு முன்னால் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தால் போதும். காபி உண்டு, சர்க்கரை குறைவாகத்தான் போடுகிறோம் இப்போது.